வழுக்காத ஷூ

பிப்ரவரி 4

அன்புத் தம்பி ரப்பருக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும், மூக்குக்கண்ணாடிக் கடையும், முதலாளியின் தீராத இருமலும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் ஆளுக்கு நாலு தடவை சிரித்துவிட்டு வைத்துவிடுகிறோம், உருப்படியாக ஒன்றும் பேசுவதில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

எனக்கு ஒரு ஷூ வேண்டும். நாள் முழுக்க ஷூவின் அடிப்பாகத்தைச் சோதித்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற தம்பியை வைத்துக்கொண்டு, கடைப் பெண்ணிடம் போய் "எது நல்லதும்மா?" என்று கேட்க எனக்கு மானக்கேடாக இருக்கிறது.

நான் போகும் போட்டி ஏதோ நின்ற இடத்தில் நின்று காகிதத்தில் ஓட்டை போடுவது என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு தடவையாவது வந்து பார்த்தால்தானே! இது ஓடிச் சுடும் போட்டி. 'பீப்' என்று சத்தம் கேட்டதும் ஓட வேண்டும். ஒரு தடுப்புக்குப் பின்னால் நின்று சுட்டு, அடுத்த தடுப்புக்கு ஓடி, மண்டியிட்டுச் சுட்டு, எழுந்து மறுபடி ஓட வேண்டும். தரை ஒரே மாதிரி இருக்காது. கொஞ்ச தூரம் புல், கொஞ்ச தூரம் ஜல்லி, நடுவில் பலகைப் பாலம். இத்தனைக்கும் கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி. ஓடும்போது விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும், குழல் எப்போதும் இலக்கைப் பார்த்தே இருக்க வேண்டும். நடுவர் கைக்கெட்டும் தூரத்தில் பின்னாலேயே ஓடி வருவார்.

போன வாரப் பயிற்சியில் பலகைமேல் கால் வழுக்கிவிட்டது. விழவில்லை, சமாளித்துக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு தள்ளாட்டத்தில் குழல் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அந்தப் பக்கத்தில் நம்ம நடுவரின் முழங்கை இருந்தது. "நில்லு! நில்லு!" என்று அவர் கத்திய கத்தல் இன்னும் காதிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருக்கிறதுடா.

ஜூனில் பெரிய போட்டி. அதற்குள் நல்ல பிடிப்புள்ள ஷூ ஒன்று சொல்லு. உன் உடம்பைப் பார்த்துக்கொள், வீட்டுக்காரியை நான் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
பட்டாசு


பிப்ரவரி 11

அன்புள்ள பட்டாசு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். அவள் பேக்கரி வாசனையோடு வீட்டுக்கு வருகிறாள், நான் ரப்பர் வாசனையோடு வருகிறேன். விருந்தாளிகள் மூக்கைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்தேன். குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு ஜல்லியில் ஓடுகிறாயா? பெற்றவர்கள் உனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தது தப்பே இல்லை. சரி, விட மாட்டாய் என்று தெரியும். அதனால் ஷூவுக்கு வருகிறேன்.

சாதாரண ஓட்டப் பந்தய ஷூ உனக்கு ஆகாது. அடியில் மெத்தை தடிமனாக இருக்கும், சட்டென்று பக்கவாட்டில் திரும்பினால் கணுக்கால் புரண்டுவிடும். கால்பந்துக்காரர்கள் போடுகிற நீளக் குமிழ் வைத்த ஷூ புல்லில் ராஜா. ஈரப் பலகையில் ஏறினால் அதுவே எமன். உனக்கு ஏற்றது மலைப்பாதையில் ஓடுபவர்களின் ஷூ. அதன் ரப்பர் மென்மையாக இருக்கும், அடியில் துருத்தியிருக்கும் கட்டைகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு இருக்கும், ஒட்டிய சேறு அடுத்த எட்டில் தானே உதிரும். முன்பாதி நன்றாக மடங்குகிறதா என்று பார். மண்டியிட்டு எழுந்திருக்கிறவளுக்கு அதுதான் முக்கியம். சாயங்காலம் கால் கொஞ்சம் உப்பியிருக்கும்போது போட்டுப் பார், காலையில் வாங்காதே.

இங்கே எங்கள் மேசையில் தரை ஓட்டின்மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றி, ஷூவுக்குள் எடை வைத்து இழுத்துப் பார்ப்போம். அதில் வழுக்காமல் நன்றாக நின்ற சாம்பிள் ஜோடி ஒன்று இருந்தது. மேற்பார்வையாளரிடம் பல்லிளித்து வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் எனக்குச் சிலது தெரிய வேண்டும். எந்தக் கால் வழுக்குகிறது? குதிகாலா, முன்பாதமா? நேராக ஓடும்போதா, திரும்பும்போதா? மழுப்பாமல் எழுது. அதைப் பொறுத்துத்தான் ரப்பரே மாறும்.

நேரத்துக்குச் சாப்பிடு. அவளும் உன்னை விசாரித்தாள்.

தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

நலமா? நான் நலம்தான். பெட்டி வந்து சேர்ந்தது. கடையில் எல்லாருக்கும் காட்டினேன். "தம்பி இருந்தா இப்படி இருக்கணும்" என்று முதலாளி இருமிக்கொண்டே சொன்னார். அவருக்கு ஒரு ஜோடி கேட்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

திரும்புவதற்கு அருமையாக இருக்கிறது. பலகைமேல் கல் மாதிரி நிற்கிறது. ஆனாலும் அவ்வப்போது வழுக்கத்தான் செய்கிறது. சுடுவதற்கு முன்னால் நாங்கள் எல்லாரும் வெறுங்கையோடு அந்தப் பாதையை நடந்து பார்ப்போம். ஆள்காட்டி விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு, எங்கே நிற்பது, எங்கே மண்டியிடுவது என்று மனப்பாடம் செய்வோம். வெளியாள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். போன வாரம் அப்படி நடக்கும்போதே காய்ந்த ஜல்லியில் கால் போய்விட்டது. பக்கத்தில் இருந்த பெண், "என்னக்கா, பேய் கால வாருதா?" என்றாள். நானும் சிரித்து வைத்தேன்.

இதைவிடப் பிடிப்புள்ளதாக ஒன்று இருக்குமா? இருக்கிறதிலேயே உறுதியாகப் பிடிப்பது எதுவோ அதை அனுப்பு. தரையை விடவே கூடாது.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. உன் உடம்பு எப்படி? போனில் குரல் களைத்துப் போனாற்போல் இருந்தது.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். களைப்பெல்லாம் இல்லை, ஆலையில் வேலை அதிகம், அவ்வளவுதான்.

நான் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. எந்தக் கால் என்று கேட்டேன், முதலாளியின் இருமலைப் பற்றி எழுதியிருக்கிறாய். காய்ந்த ஜல்லியில் அந்த ஷூ வழுக்க வாய்ப்பே இல்லை அக்கா. நானே இழுத்துப் பார்த்தது.

சரி, நீ கேட்டபடியே இன்னொரு ஜோடி அனுப்புகிறேன். இதன் ரப்பர் பசை மாதிரி. கட்டை ஆழமாக இருக்கும், ஷூவின் மூக்குவரை ஏறி வந்திருக்கும். தரையை விடாது. அதனால் ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், காலை நன்றாகத் தூக்கி வை. தேய்த்து நடந்தால் இது நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

பழைய ஜோடியைத் திருப்பி அனுப்பு. எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் எனக்கே தெரிந்துவிடும்.

கவனமாக இரு. கேட்கிறதா? கவனமாக இரு.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனசு இல்லை. நீ நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் ஷூவைப் போட்டுக்கொண்டு விழுந்துவிட்டேன். பயிற்சியில் இல்லை, போட்டியில். சின்னப் போட்டிதான், ஆனால் நிறையப் பேர் வந்திருந்தார்கள். முதல் தடுப்பில் எல்லாம் சரியாகப் போனது. இரண்டாவதற்கு ஓடினேன். ஜல்லிதான், காய்ந்த ஜல்லி. யாரோ பாதத்தைப் பிடித்து நிறுத்தியது போல இருந்தது. கால் அங்கேயே நின்றுவிட்டது, நான் மட்டும் முன்னால் போனேன்.

விரல் வெளியேதான் இருந்தது தம்பி. இத்தனை வருஷப் பழக்கம், சத்தியமாக வெளியேதான் இருந்தது. ஆனால் விழும்போது கை எதையாவது பிடிக்கத்தானே பார்க்கும்? பிடித்தது. வெடித்தது.

குண்டு தரையில் பாய்ந்தது. ஒரு கல் தெறித்து நடுவரின் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. தையல் போடும் அளவுக்கு இல்லை, ரத்தம் சாக்ஸுக்குள் இறங்கியது, அவ்வளவுதான். அவர் என்னைத் திட்டவே இல்லை. "துப்பாக்கிய அப்படியே கீழ வைம்மா" என்று மெதுவாகச் சொன்னார். வைத்தேன். அவரே குண்டுகளை எடுத்தார். அப்புறம், "ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன்மா" என்று ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு ஜாண் இந்தப் பக்கம் போயிருந்தால், அவருடைய வீட்டுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? நான்தான் போயிருக்க வேண்டும்.

அன்றைக்குப் போட்டியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நீக்கியதுதான் நியாயம்.

என்ன ஷூடா அனுப்பினாய்? தரையை விடாது என்றாயே, ஆளையே கவிழ்த்துவிட்டது. இரண்டு ஜோடியையும் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். நீயே வைத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

பெட்டி வந்தது. உனக்கு அடி ஏதும் இல்லையே? அதை ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

இரண்டு ஜோடியையும் மேசைமேல் வைத்துப் பார்த்தேன். உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், நீ வழுக்கவே இல்லை. வழுக்கியிருந்தால் கட்டையின் ஓரம் மழுங்கியிருக்கும், குதிகால் பக்கம் கோடு விழுந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. இடது ஷூ புதுசு மாதிரி இருக்கிறது. வலது ஷூவின் மூக்கு மட்டும் உரசி உரசி, உள்ளே இருக்கும் துணி தெரிகிறது. இரண்டு ஜோடியிலும் அதே வலது, அதே மூக்கு. உன் கால் தூக்கவில்லை அக்கா. இழுபடுகிறது. தூக்காத காலுக்குப் பிடிப்பான ஷூ கொடுத்தால் அது விழவைக்காமல் என்ன செய்யும்? நீ வழுக்குகிறது என்று சொன்னாய், நான் நம்பி இன்னும் பிடிப்பானதை அனுப்பினேன். நடுவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதில் என் கையும் இருந்திருக்கும்.

இதற்கு மேல் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அம்மாவும் முதலில் "வழுக்குது" என்றுதான் சொன்னாள். சமையலறையில் வழுக்குது, வாசலில் வழுக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாமும் போட்டி போட்டுக்கொண்டு செருப்பு வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் கை போனது, பேச்சு போனது, கடைசியில் மூச்சு. அம்மாவோடு பிறந்த மாமாவுக்கும் அப்படியேதான். சில குடும்பங்களில் வரும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நீயும் நானும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, இதைப் பற்றி இனிமேல் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். நான் அந்தப் பேச்சை இன்றைக்கு மீறுகிறேன்.

நரம்பு டாக்டரிடம் போ. இந்த வாரமே போ.

தம்பி


மே 3

தம்பிக்கு,

நான் நலம். எனக்கு அடி ஒன்றும் இல்லை, உள்ளங்கை சிராய்த்தது, ஆறிவிட்டது.

உனக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் எதைப் பூசி மெழுகுவது? குளிர்காலத்திலிருந்தே இப்படித்தான். கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு அடியில் ஒரு மிதி இருக்கிறது. மிதிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. காலை எடுக்கும்போது பாதம் வர மாட்டேன் என்றது. பஸ்ஸில் ஏறும்போது படியில் தட்டியது. ஷூ சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். உனக்கு எழுதும்போது அதை நானே நம்பிவிட்டேன். எந்தக் கால் என்று நீ கேட்ட இடத்தில் பேனா நின்றுவிட்டது.

டாக்டரிடம் போக மாட்டேன். போகாதவரைக்கும் அது ஷூதான். போய்விட்டால் அது அம்மா. கடைசியில் அம்மா கண்ணாலேயே தண்ணீர் கேட்டாளே, அதை நான் தினமும் பார்க்கிறேன். இத்தனை வயசில் தனியாக இருக்கிற எனக்கு யார் கண்ணைப் பார்த்துத் தண்ணீர் கொடுப்பார்கள்?

என்னை வற்புறுத்தாதே.

அக்கா


மே 7

அக்கா,

வற்புறுத்துவேன். தம்பி என்று எதற்கு இருக்கிறேன்?

உனக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள் என்று கேட்டாயே, வாயில் வருகிறதை எழுதுவதா? நான் செத்தா போய்விட்டேன்? நாங்கள் இருவரும் இருக்கும்போது உனக்கு இப்படி ஒரு வார்த்தை வரலாமா?

போகாமல் இருந்தால் தெரியாமலே இருந்துவிடலாம் என்கிற நினைப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன்னால் பாதத்தைத் தூக்கிப் பார்ப்பாய். தூக்க வந்தால் அன்றைக்குப் பூரா சந்தோஷம். வராவிட்டால் சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான் என்று சொல்லிக்கொள்வாய். அப்படியே எத்தனை நாள் ஓட்டுவாய்?

இரண்டு விஷயம் கேட்கிறேன், அம்மாவை நினைத்துச் செய். துப்பாக்கியை உங்கள் சுடும் சங்கத்தின் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிச் சாவியை நடுவரிடம் கொடு. உன்னை நம்பி உன் பின்னாலேயே ஓடி வருகிற மனுஷன் அவர். அப்புறம் டாக்டரிடம் போ. என்ன சொன்னாலும் எனக்கு எழுது. நல்லது என்றாலும் எழுது, கெட்டது என்றாலும் எழுது. நான் தாங்குவேன்.

தம்பி


ஜூன் 12

என் தங்கத் தம்பிக்கு,

நீ நல்லா இரு, உன் வீட்டுக்காரி நல்லா இருக்கட்டும், உன் ஆலை நல்லா இருக்கட்டும், உங்கள் மேற்பார்வையாளரும் நல்லா இருக்கட்டும்! எனக்கு அம்மாவுடையது இல்லையாம்!

சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். நடுவர் வாங்கிக்கொண்டு, "நானும் கூட வரட்டுமாம்மா?" என்று கேட்டார். முழங்காலுக்குக் கீழே என்னால் ஆன தழும்போடு நிற்கிற மனுஷர் அப்படிக் கேட்டால் எனக்கு அழுகை வராதா? அவரையே கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. காலைத் தட்டினாள், ஊசியால் குத்திப் பார்த்தாள், வயர் ஒட்டி மின்சாரம் வைத்தாள். பாதம் துள்ள வேண்டிய இடத்தில் துள்ளவில்லை. அம்மாவைப் பற்றியும் மாமாவைப் பற்றியும் சொன்னேன். அவள் முகம் மாறியது. பிறகு முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் விரலை வைத்து அழுத்தினாள். பாதம் வரைக்கும் சுரீர் என்றது.

"இங்க என்ன தடம்?" என்று கேட்டாள்.

"முட்டிக் கவசத்தோட பட்டைங்க" என்றேன்.

மண்டியிட்டுச் சுடுவதற்காக வலது முட்டியில் கவசம் கட்டிக்கொள்வேன். ஓடும்போது நழுவக் கூடாது என்று பட்டையை இறுக்கி இறுக்கிக் கட்டுவேன். வீட்டிலும் கட்டிக்கொண்டு பழகுவேன். பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த எலும்பை ஒட்டித்தான் போகிறதாம், தோலுக்கு அடியிலேயே. நானே பட்டையைப் போட்டு அதை நசுக்கியிருக்கிறேன். "கவசத்தக் கழட்டிப் போடுங்க, சில மாசத்துல தானா சரியாகும்" என்றாள். சந்தேகம் இருக்கக் கூடாது என்று இன்னும் சில சோதனை செய்யச் சொன்னாள். எல்லாம் வந்துவிட்டது. மற்ற நரம்பெல்லாம் சுத்தம்.

வெளியே வந்து சொன்னதும் நடுவர், "பத்து ரவுண்டு சுட்ட மாதிரி இருக்கும்மா" என்று சுவரில் சாய்ந்துவிட்டார். பெரிய போட்டிக்கு நான் போகவில்லை. போகாததில் வருத்தமே இல்லை, பார்த்துக்கொள்.

நம் இருவர் தலைமேலும் தொங்கிக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது தம்பி. நீ மட்டும் அந்த ஷூவைப் பார்த்துச் சொல்லாவிட்டால் நான் இன்னும் பட்டையை இறுக்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஜூலையில் விடுப்பு எடுத்து வா. இருவரும் வாருங்கள். சமைத்துப் போடுகிறேன், வாயில் வைக்க முடியாவிட்டாலும் சாப்பிட வேண்டும்.

சந்தோஷத்தில்,
அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மிகவும் சந்தோஷம். உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். கவசத்தைக் குப்பையில் போடு. டாக்டர் சொன்ன பயிற்சிகளை ஒழுங்காகச் செய்.

எங்களால் இந்த மாதம் வர முடியாது. எனக்கு வேலை மாறிவிட்டது. சோதனை மேசையிலிருந்து உள்ளே அலுவலக அறைக்குப் போய்விட்டேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை. நானேதான் கேட்டு வாங்கினேன். ஒரே இடத்தில் வருஷக்கணக்காக நின்று அலுத்துவிட்டது.

நீ தப்பித்தாய் அக்கா. எனக்கு அது போதும்.

தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் உங்களுக்கு லெட்டர் எழுதறது இதான் முதல் தடவை. எழுத்து சரியா இருக்காது, கோவிச்சுக்காதீங்க. உங்க கால் இப்ப தேவலையா? அவர் சொன்னப்ப நான் பேக்கரியிலேயே அழுதுட்டேன், சந்தோஷத்துல.

இத எழுதறது அவருக்குத் தெரியாது. எங்க வீடு மாடியில இருக்கறது உங்களுக்குத் தெரியும். போன வாரம் அவர் படியில இறங்கும்போது விழுந்துட்டார். நெத்தியில அடி. கேட்டா வழுக்கிடுச்சுன்னு சொல்றார். படியில தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு தடவ விழப் பாத்தார், நான்தான் பிடிச்சேன். வீட்டுச் செருப்பு இடது கால் மட்டும் முன்பக்கம் தேஞ்சு பிஞ்சு போச்சு. புதுசு வாங்கினா அதுவும் அப்படியே ஆகுது. ஊருக்கெல்லாம் ஷூ சொல்றவர் தனக்கு ஒண்ணு பாத்துக்க மாட்டேங்கறார். நீங்கதான் இதுல நல்லாத் தெரிஞ்சவங்க. படியில நல்லாப் பிடிக்கற மாதிரி ஷூ எதுன்னு எழுதுங்க, நான் வாங்கிக் கொடுத்துடறேன்.

இன்னொண்ணு கேக்கணும். அத்தை சர்க்கரை நோயிலதான் போனாங்கன்னு அவர் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கார். சர்க்கரை இருந்தா காலுக்குத்தான் முதல்ல வரும்னு கடைக்கு வர்ற ஒரு அம்மா சொன்னாங்க. இவருக்கும் ஒரு தடவ பாத்துடலாம்னு சொன்னா, என்னைக்கும் இல்லாம கத்தறார். அப்புறம் அவரே வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கறார். எனக்கு ஒண்ணும் புரியல அண்ணி. அத்தைக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுது? நீங்க கூட இருந்தவங்க. எனக்குச் சொல்லுங்க.

உங்க தம்பி வீட்டுக்காரி


ஆகஸ்ட் 6

தம்பி,

நலமா என்று கேட்டு எழுதினால் நீ நலம் என்று எழுதுவாய். அதனால் கேட்கவில்லை.

உன் வீட்டுக்காரி எனக்கு எழுதியிருக்கிறாள். அவளைத் திட்டினாய் என்று தெரிந்தால் உன்னைச் சும்மா விட மாட்டேன். அவள் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கடையில் அப்படியே நின்றுவிட்டேன். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

என் ஷூவை எடுத்த எடுப்பில் எப்படிப் படித்தாய் என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லையே! கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன்னால் பாதத்தைத் தூக்கிப் பார்ப்பாய் என்று எழுதினாயே, அது உன் கட்டில். எனக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன், பாவி. என்னை டாக்டரிடம் துரத்திவிட்டு நீ போகவில்லை. எனக்குப் பட்டை என்று தெரிந்ததும் நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். உன் முட்டியில் பட்டை இல்லை. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எப்படி உட்கார்ந்திருந்தாயோ! சந்தோஷப்பட்ட வாயை அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறதுடா. என் காலுக்குப் பயந்ததைவிட அதிகமாக. டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றாள். முதுகெலும்பில் நரம்பு அழுந்தினாலும் இப்படி வரும், வேறு காரணங்களும் உண்டு என்றாள். ஒன்றும் இல்லாமலும் போகலாம் என்றாள். ஆனால் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். திங்கட்கிழமை உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நீ வர மாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டு போவேன், நடுவரும் கூட வருகிறார்.

அம்மாவுக்கு என்ன வந்தது என்று உன் வீட்டுக்காரிக்கு நான் எழுதவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். நான் வந்து சேர்வதற்குள் சொல்லிவிடு. என் வாயிலிருந்து முதலில் கேட்டால் அவள் உடைந்துவிடுவாள், அப்புறம் உன்னை மன்னிக்க அவளுக்கு வெகுநாள் ஆகும். உனக்கு ஷூ எதுவும் வாங்க வேண்டாம் என்று அவளிடம் சொல். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறாயாமே, அப்படி உட்கார்ந்து சொல்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நான் மணி அடித்தால் நீ இறங்கி வராதே. அவளை அனுப்பு.

அக்கா